கூப்பிட்டதும் வந்தது

அந்தப் பூங்காவிலுள்ள மரங்களெல்லாம் தன்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் என்று பீரங்கி சொன்னார். சும்மா ஒதுங்குவதில்லையாம். சேற்றைத் தாண்டுகிறவர்கள் உடையைத் தூக்கிப் பிடிப்பதுபோல வேரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று, அவர் கடந்து போனபிறகு ஓசைப்படாமல் பழைய குழிக்கே திரும்பிவிடுமாம். ஒரே ஒரு கிழட்டு மரம் மட்டும், மூட்டுவலி, நகர முடியவில்லை என்று தலையைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டதாம்.

"எந்த மரம்னு காட்டுங்க அத்தான். ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிறேன்," என்றார் மைத்துனர்.

மைத்துனருக்கு நம்பாமல் இருப்பதே உத்தியோகம். காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடும் சர்வேயர். கிடங்கே எரிந்து கரியாகக் கிடந்தாலும் நடுவில் நின்று மோந்து பார்த்துவிட்டு, "புகை வாடை இருக்கு, தீப்பிடிச்ச மாதிரி தெரியலையே" என்பார். பீரங்கியோ லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கம்பி அறுந்து விழுந்துகொண்டிருந்த லிப்டை ஓர் அதட்டலில் நடுமாடியில் நிறுத்தியவர். நின்ற லிப்ட் பயத்தில் எண்ணெய் கக்கியதைக் கண்ணால் கண்டவர். இரண்டுக்கும் சாட்சி அவரேதான். சத்தம் பெரிது, குண்டு எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'பீரங்கி'. வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது.

"அளவெடுக்கிறது என் தொழில். நீங்க எதுக்கு அளக்கிறீங்க?" என்றாள் பீரங்கியின் மனைவி. தையல்கடை வைத்திருப்பவள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு கதையையும் அவள் நம்பியதில்லை. ஒரு கதையைக்கூட முழுசாகக் கேட்காமல் விட்டதுமில்லை.

அவளுடைய முழங்காலைப் பெரிய டாக்டரிடம் காட்டத்தான் இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். மறுநாள் காலை போக வேண்டும். பூங்காவின் இந்தப் பக்கம் பழைய ஹோட்டல். அதன் லிப்ட் பீரங்கி கையால் மாட்டியது, ஆகவே அவருக்கு வேறெங்கும் தங்க மனம் வரவில்லை. மைத்துனர் அந்த லிப்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, பூங்காவுக்கு அந்தப் பக்கம் இருந்த புது ஹோட்டலில் அறை எடுத்துக்கொண்டார். இரண்டு ஹோட்டலுக்கும் நடுவில், ஊர் மறந்துவிட்டுப் போன ஒரு துண்டுக் காடு மாதிரி அந்தப் பூங்கா.

பழைய ஹோட்டலின் சாப்பாட்டு அறைச் சன்னலிலிருந்து பார்த்தால் மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. காற்றில்லாத மத்தியானம். ஓர் இலை அசையவில்லை. ஆனால் நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும், கீழே யாரோ தோளால் இடித்துக்கொண்டே நடந்து வருவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகக் குலுங்கி, ஹோட்டல் பக்கமாக வந்து, நின்றது. பீரங்கி அதைப் பார்த்தார். அதை வைத்து ஒரு கதை கட்டலாம் என்று வாயைத் திறந்தவருக்கு, எதனாலோ, வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் கணவனும் மனைவியும் பூங்காவுக்குள் நடந்தார்கள். வாசலருகே நடைபாதையும் சிமெண்ட் பெஞ்சும் விளக்குக் கம்பமும் ஒழுங்காகத்தான் இருந்தன. கொஞ்ச தூரம் போனதும் நடைபாதை மண்ணாகி, மண் இலையாகி, காலடியில் நனைந்த அட்டைப் பெட்டியை மிதிப்பதுபோல மெத்தென்று அமுங்கியது. சாலையின் ஹார்ன் சத்தம் பின்னால் மெல்லியதாகி, லிப்ட் கதவு சாத்தியதும் வெளிப் பேச்சு அறுந்துபோவதுபோலச் சட்டென்று அறுந்தது. மக்கிய இலையின் வாடை, அதற்கடியில் ஏதோ ஈரத்துணியை நாள்பட மூடிவைத்த வாடை. பறவைகள் கூடடையும் நேரம். ஒரு பறவையும் இல்லை.

"இந்தப் பக்கமா போனா தம்பி ஹோட்டலுக்குக் குறுக்கு வழி," என்றார் பீரங்கி.

"தெரிஞ்சு சொல்றீங்களா, வாய்க்கு வந்ததைச் சொல்றீங்களா?"

"கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டே போங்க, போதும்."

வாய்க்கு வந்ததைத்தான் சொல்லியிருந்தார். வழி கொஞ்ச நேரத்தில் வழியாகவே இல்லை. அவளுடைய செருப்பு வார் அறுந்தது, முழங்காலும் மறுத்துவிட்டது. ஒரு பெரிய வேரின்மேல் உட்கார்ந்துகொண்டு, அறுந்த செருப்பை முகத்துக்கு நேரே பிடித்து, ஊக்கு ஒன்று இருந்தால் இதை ஒரு நிமிஷத்தில் சரிபண்ணிவிடுவேன் என்றாள். அவளுடைய போன் வழக்கம்போல அவருடைய சட்டைப் பையில். "நீ இரு, நான் முன்னால போய் வழியைப் பார்த்துட்டு வர்றேன்" என்று பீரங்கி நடந்தார்.

பத்து மரம் தாண்டியிருப்பார். எங்கோ தூரத்தில் பூங்கா மூடுவதற்கான விசில் ஊதினார்கள். அதைக் கேட்டதும் வெளிச்சம் யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல இறங்கியது. வேலைக்காலம் முழுக்க லிப்ட் குழிக்குள் தலையை நீட்டி இருட்டைப் பார்த்தவர் அவர். அந்த இருட்டுக்குக் கீழே ஒரு தரை உண்டு என்று தெரியும். இதற்கு உண்டா என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தார். வேரும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் அவர்கள் இருவருக்குமே கிடையாது. அவருக்கு அவள் 'இந்தா'. அவளுக்கு அவர் 'ஏங்க'. ஒரு வீட்டுக்குள் அது போதும். கேட்கிற காது ஒன்றுதானே. அந்தப் பழக்கத்திலேயே இருட்டைப் பார்த்து, யாரை என்று சொல்லாமல், கூப்பிட்டார்:

"இந்தா... வந்துரு!"

"வந்துட்டேங்க."

அவள் குரல்தான். ஆனால் அவளை விட்டுவந்த பக்கத்திலிருந்து வரவில்லை. அவருக்கு முன்னாலிருந்து வந்தது, மிகப் பக்கத்திலிருந்து. ஆள் உயரத்துக்கு மேலே, கிளை பிரிகிற இடத்திலிருந்து. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஒரு தவறைத் திருத்திக்கொள்வதுபோல, இப்போது சரியான உயரத்திலிருந்து, அதே குரல் இன்னொரு தரம் சொன்னது.

"வந்துட்டேங்க."

பீரங்கி ஓடினார்.

எப்படி ஓடினார் என்று கேட்டால், சிறுத்தையே பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் என்று வேறொரு நாளாயிருந்தால் சொல்லியிருப்பார். முகத்தில் கிளை கிழித்தது, வேர் தடுக்கியது, வாயிலிருந்து ஓர் ஆட்டின் சத்தம் வந்தது, அது தன்னுடையதுதான் என்று வாசலைத் தாண்டிச் சாலை விளக்கின் கீழே நின்றபோதுதான் புரிந்தது. பின்னால் கம்பிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினான் காவலாளி.

"உள்ளே வேற யாராவது இருக்காங்களா சார்?"

இதுதான் கேள்வி. என் மனைவி இருக்கிறாள் என்பதுதான் பதில். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்: அப்புறம் நீங்க ஏன் இங்கே நிற்கிறீங்க? முழங்கால் முடியாதவளை இருட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தேன் என்று எப்படிச் சொல்வது? நாய் துரத்தியது என்று சொல்லலாமா? இல்லை, திருடன், இரண்டு திருடர்கள்... வாழ்நாளெல்லாம் கேட்காமலே ஊற்றெடுத்த வாய், ஒரு பொய்யை உருட்டிக்கொண்டிருந்தபோது கண் தற்செயலாக மேலே போனது. ஹோட்டலின் மேல்மாடி. அவர்கள் அறையில் விளக்கு எரிந்தது. சன்னலில் அவள் நின்றாள்.

"யாரும் இல்லை," என்றார் பீரங்கி.

வேறு வாசல் வழியாக யாரோ கூட்டிவந்து விட்டிருப்பார்கள் என்று லிப்டில் சொல்லிக்கொண்டார். அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சாவி அவருடைய கால்சட்டைப் பையில் இருந்தது. வரவேற்பில் இன்னொரு சாவி இருக்கும் என்று அதையும் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியுமே.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை ஈரமாயிருந்தது. காலில் இரண்டு செருப்பும் இருந்தன, இரண்டு வாரும் முழுசாக.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

அவ்வளவுதான். ஏன் விட்டுவிட்டு ஓடினீங்க என்று கேட்கவில்லை. கேட்பாள், கேட்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காதுமடல் சுட்டது. கேட்கவேயில்லை. அந்த நன்றியில், எப்படி வந்தே என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஓட்டமும் பேச்சில் வந்துவிடும். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நொண்டவில்லை. டம்ளரை வாங்கும்போது அவள் விரல் அவர் கைமேல் பட்டது. காலமெல்லாம் ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன நுனிவிரல் அவளுக்கு. இருட்டில் தொட்டாலும் தெரியும். இந்த விரல் வழவழவென்று, புதுத் தளிர் மாதிரி இருந்தது.

அறையில் நனைந்த இலையின் வாடை வீசியது.

எதையாவது பேச வேண்டும் என்று, அதட்டி நிறுத்திய லிப்டின் கதையை எடுத்தார். அளக்காதீங்க என்று சொல்லிவிடு. சொல்லிவிடு, போதும். கையெடுத்துக் கும்பிடாத குறை.

"அப்படியாங்க?" என்றாள். கண் அகன்றது. "அப்புறம்?"

இதுதான் பீரங்கி பிற்பாடு யாரிடமும் முழுசாகச் சொல்லமுடியாமல் போன இடம். பயந்தார், உண்மை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஓட நினைத்தார், அதுவும் உண்மை. ஆனால் அந்த 'அப்புறம்' இருக்கிறதே! ஜென்மம் முழுக்க அவர் ஏங்கிய சொல் அது. அவர் சொன்னார். லிப்ட் எண்ணெய் கக்கியதைச் சொன்னார், அது நம்பியது. ஒற்றைக் கையால் கட்டடத்தை நிமிர்த்தியதைச் சொன்னார், அதையும் நம்பியது. முன்னால் நகர்ந்து, இமைக்காமல், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு கேட்டது. அவர் கதைகளை மேலும் மேலும் வீங்கவைத்தார். ஒரு கட்டத்தில் சிரித்துக்கூட விட்டார். காட்டுக்குள், அறுந்த செருப்போடு, ஒருத்தி அவருக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார்.

சன்னல் வெளுக்க ஆரம்பித்தபோது தொண்டை வறண்டு நிறுத்தினார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"காட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்லவே இல்லையே."

முகம் மிகப் பக்கத்தில் இருந்தது. கன்னத்தின் சுருக்கங்கள் எல்லாம் அவள் கன்னத்துச் சுருக்கங்கள்தான். ஆனால் ஆழமில்லை. வரைந்த கோடுகள்.

"உன்னைத்... தோள்ல தூக்கிட்டு வந்தேன்," என்றார் பீரங்கி.

"ஆமாங்க," என்றது அது, பூரிப்போடு. "நடந்துச்சு."

செருப்பில்லாமல் இறங்கினார். லிப்டைத் தொடவில்லை. படி. படி. சாலை. பூங்காவின் வேலியை ஒட்டாமல், எதிர்ப்பக்க நடைபாதையில் சுற்றிக்கொண்டு மைத்துனர் ஹோட்டலுக்கு ஓடினார். பூங்கா வாசலை அப்போதுதான் திறந்திருந்தார்கள். பனி.

மைத்துனர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்தார். "என்ன அத்தான், இந்த நேரத்துல? மரம் எதுவும் வழிவிடலையா?"

பீரங்கி சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைச் சுருக்கிச் சொன்னார். விட்டுட்டு ஓடிட்டேன். வேற ஒண்ணு வந்துச்சு. அதுகூட உட்கார்ந்து ராத்திரி பூரா கதை பேசினேன். சொல்லும்போது மைத்துனருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் குளியலறை வாளியைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா எங்கே?" என்றார் மைத்துனர்.

"உள்ளே."

"பேய்க் கதையெல்லாம் அப்புறம். அக்காவை விட்டுட்டு ஓடி வந்தீங்களா?"

"ஆமா."

மைத்துனர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுத்ததைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ஓடுனதை மட்டும் நம்புறேன். மத்தது எதுவும் நடக்கலை. பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு மேல ஒரு போர்வை போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க. நடங்க."

அந்தப் பக்கத்து வாசல் வழியே உள்ளே போனார்கள். நனைந்த அட்டைபோல அமுங்கும் இலை. அதே வாடை. மைத்துனர் விபத்து நடந்த இடத்தைப் பார்க்கிற நடையில் தரையைப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, வாயைக் குவித்து, "அக்..." என்று எடுத்தார்.

பீரங்கி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. முறை சொல்லிக் கூப்பிடாதே. யாரை வேணும்னாலும் அக்கான்னு கூப்பிடலாம். எது வேணும்னாலும் வரும்."

மைத்துனர் கையைத் தட்டிவிட்டார். ஆனால் கூப்பிடவில்லை. அப்போதுதான் பீரங்கிக்கு அது உறைத்தது.

நான் கூப்பிட்டேன். அவளும் கூப்பிட்டிருப்பாள்.

விசில் ஊதி, இருட்டி, நான் வராமல்போனதும். ஏங்க, என்று. ஏங்க, எங்கே போயிட்டீங்க? திரும்பத் திரும்ப. யாரை என்று சொல்லாமல்.

பனி கொஞ்சம் விலகியது.

வேர்.

வேரின்மேல் அவள். கண்மூடி, அசந்து, தூக்கத்தில் மூச்சு சீராக ஏறி இறங்க. ஒரு தோளில் சாய்ந்திருந்தாள்.

தோள் இருந்தது.

அவருடைய சட்டை. அவருடைய பின்னந்தலை வழுக்கை. சட்டைப் பையில் அவளுடைய போன் புடைத்துக்கொண்டிருப்பதுபோல ஒரு புடைப்பு. பீரங்கியின் கை தன்னுடைய பைக்குப் போனது. போன் அங்கேதான் இருந்தது.

செருப்பில்லாத அவள் பாதத்தை மடியில் ஏந்தி, கைக்குட்டை சுற்றி வைத்திருந்தது அது. இன்னொரு கையால் அவள் முழங்காலை மெல்ல, மெல்ல, விடியும்வரை அப்படியே தடவிக்கொண்டிருந்த கைபோல, தடவியது. குளிருக்கு அவள்மேல் இலைகளைப் பரப்பியிருந்தது, ஒவ்வொன்றாக, கழுத்துவரை. தூக்கத்தில் அவள் முகம் அமைதியாக இருந்தது. அவர் பக்கத்தில் அவள் இப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை.

அது தலையைத் திருப்பியது.

கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். அவரைப் பார்த்தது. கோபமில்லை. பல்லைக் காட்டவில்லை. ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தது, தூங்குகிறவளை எழுப்பிவிடாதே என்பதுபோல.

பீரங்கி 'அது என் மனைவி' என்று சொல்ல வாயைத் திறந்தார். விட்டுவிட்டு ஓடியவன் எந்த வாயால் சொல்வது?

மைத்துனர் அசையாமல் நின்றார். அந்த முகத்தைப் பார்த்தார். திரும்பி, பீரங்கியை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தார்: கிழிந்த முகம், வெறுங்கால். இடித்துக்கொண்ட இரண்டு வண்டிகளில் எது நம்முடையது என்று பார்க்கிற பார்வை. திரும்ப அங்கே. திரும்ப இங்கே.

பிறகு பீரங்கியிடமிருந்து ஓரடி விலகினார். இன்னோரடி. வேரை நோக்கி நடந்தார்.

"நடந்திருக்கு அத்தான், வேற ஒண்ணு வந்திருக்கு," என்றார், அக்கா விழித்துவிடாதபடி தணிந்த குரலில், உட்கார்ந்திருந்ததைப் பார்த்து. "நடந்ததுதான்."